பித்தப்பை அறுவையில் பித்தநாளம் அறுபட்டது: இழப்பீடு கேட்டு வழக்கு நிற்குமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாளிலிருந்தே வயிறு உப்பிக் கடும் வலி. ‘கேஸ் வலிதான், நடந்தால் சரியாகிவிடும்’ என்று மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். ஆறாம் நாள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்து, வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். பித்தநாளம் அறுபட்டிருக்கிறது என்றார்கள். வயிற்றில் தேங்கிய பித்தநீரை வடித்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்து நாளத்தைக் குடலோடு இணைக்கும் பெரிய அறுவை செய்தார்கள். முதல் மருத்துவமனை பில் 1.4 லட்சம், காப்பீட்டில் கேஷ்லெஸ். இரண்டாவது இடத்தில் 8 லட்சத்துக்கு மேல் கைக்காசு. இப்போது 14 மாதம் ஆகிறது. முதல் மருத்துவமனையில் கேட்டால், ‘எங்கும் நடக்கிற சிக்கல்தான், தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள்’ என்கிறார்கள். என்னிடம் இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். போலீசில் புகார் கொடு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: நாள் கணக்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களிடம் குறைவாக இருப்பது அதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் மனு தாக்கல் ஆகிவிட வேண்டும். நாளம் அறுபட்டது இரண்டாவது மருத்துவமனையில்தானே தெரிந்தது, அன்றிலிருந்து எண்ணலாமே என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். முதல் அறுவை நடந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் 10 மாதம் இருக்கிறது.

காலதாமதம் எப்படிக் கவிழ்க்கும் என்பதற்குப் பித்தப்பை வழக்கே ஒன்று உண்டு. 1993-ல் பித்தக்கல் அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் அறுவைத் துணி தங்கிவிட்டது. 2002-ல் மறு அறுவையில் அது வெளியே வந்தது. 2004-ல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் 2010-ல் காலவரம்பைச் சொல்லியே அந்தப் புகாரைத் தள்ளியது. அவரே செவிலியர், அத்தனை ஆண்டு வலி இருந்தும் அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பிப் போய்க் காட்டவில்லை என்பது அவருக்கு எதிராகப் போயிற்று. வயிற்றுக்குள் துணி இருந்தது என்ற உண்மைகூட அவரைக் காப்பாற்றவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு என்று ஒன்று உண்டுதான். ஆனால் போதிய காரணம் காட்ட வேண்டும். எதிர்தரப்பு முதல் அடியை அங்கேதான் அடிக்கும். மருத்துவ கவுன்சிலில் புகார் நிலுவையில் இருக்கிறது, போலீஸ் விசாரிக்கிறது, மருத்துவமனை பேசித் தீர்க்கலாம் என்கிறது... இவை எதுவும் இந்த 2 ஆண்டுக் கடிகாரத்தை நிறுத்தாது.

அடுத்து, ஆவணங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது மருத்துவமனை தன் தரப்பில் எழுதிக்கொண்ட சுருக்கம். வழக்கு கேஸ் ஷீட்டில்தான், அதாவது அனுமதி முதல் டிஸ்சார்ஜ் வரை அன்றன்று எழுதிய சிகிச்சைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு காக்க வேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அதுவே தொழில் ஒழுங்கீனம். ‘கோர்ட் ஆர்டர் கொண்டுவாருங்கள்’ என்று கவுண்டரில் சொல்வார்கள். தேவையில்லை.

விண்ணப்பத்தில் உங்கள் மனைவியே கையெழுத்திட வேண்டும், அவர்தான் நோயாளி. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குவது ஒன்று என்று மூன்று வழியிலும் அனுப்புங்கள். ‘எல்லா ரெக்கார்டும் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் மறுபடி அதே டிஸ்சார்ஜ் சம்மரிதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அனுமதிக் குறிப்பு, மயக்க மருந்து நிபுணரின் முன்பரிசோதனைத் தாள், ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட், மயக்க மருந்து சார்ட், நர்ஸ் நோட்ஸ், நாடித்துடிப்பு–காய்ச்சல்–ரத்த அழுத்த சார்ட், டிரெயின் குழாய் வைத்திருந்தால் அதன் அளவும் நிறமும் எழுதிய தாள், மருந்து சார்ட், நேரத்தோடு கூடிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், எடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை, அறுவையின் வீடியோ பதிவு இருந்தால் அதன் நகல். ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண்ணும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும் என்றும், மொத்தம் எத்தனை பக்கம் என்று கடிதத்தில் குறிப்பிட வேண்டும் என்றும் எழுதுங்கள். பின்னால் புதுத் தாள் முளைப்பதை இது பெரும்பாலும் தடுக்கும்.

பலர் மறந்துவிடுகிற ஓர் இடம் இருக்கிறது: காப்பீட்டு நிறுவனம். கேஷ்லெஸ் என்றால் மருத்துவமனை அங்கே முன் அனுமதிப் படிவம், சிகிச்சைக் குறிப்பு, ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் அன்றன்றே அனுப்பியிருக்கும். பிரச்சினை வெடிக்கும் முன் அனுப்பப்பட்டவை என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம். பாலிசிதாரராக அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனை தரும் தாளும் அந்தத் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் வழக்கின் போக்கே மாறும்.

இனி, ‘எங்கும் நடக்கிற சிக்கல்தான்’ என்ற பதிலுக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. பித்தநாளக் காயம் இந்த அறுவையின் தெரிந்த ஆபத்து. தேர்ந்த கைகளிலும் ஆயிரத்தில் சிலருக்கு நேர்கிறது. கல்லால் பலமுறை வீங்கிச் சுருங்கிய பித்தப்பையில் எது பித்தப்பை நாளம், எது பொதுநாளம் (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் முதன்மைக் குழாய்) என்று பிரித்தறிவது கடினம். நாளம் அறுபட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். அலட்சியத்துக்கு உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மாத்யூ வழக்கில் (2005) ஏற்ற அளவுகோல் இதுதான்: அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள மருத்துவர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா? விளைவு மோசம் என்பது மட்டும் போதாது.

உங்கள் கடிதத்தில் வலுவான இடம் அறுவைக்குப் பிந்தைய மூன்று நாட்கள். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தவர் நாளுக்கு நாள் தேற வேண்டும். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டையிலும் வயிற்றிலும் வலி இருக்கும், ஆனால் அது குறைந்துகொண்டே வரும். இரண்டாம் நாள் வலி கூடுகிறது, வயிறு உப்புகிறது, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் பித்தக் கசிவைச் சந்தேகித்துக் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பது அடிப்படை. இதைச் செய்யாமல் ‘கேஸ் வலி’ என்று அனுப்பியதை ‘தெரிந்த சிக்கல்’ என்ற சொல்லால் மூட முடியாது. காயம் ஏற்பட்டதைவிட, அதைக் கண்டுபிடிக்கத் தவறியதும் அந்தத் தாமதத்தால் வயிற்றில் பித்தநீர் தேங்கிச் சீழ்த்தொற்று வந்ததும்தான் உங்கள் வழக்கு.

அதனால் ஆபரேஷன் நோட்டுக்கு முன்பே நர்ஸ் நோட்ஸை விரித்து வையுங்கள். மருத்துவர் ரவுண்ட்ஸில் ‘நலம்’ என்று ஒரு சொல் எழுதியிருப்பார். இரவு 2 மணிக்கு நர்ஸ் ‘நோயாளி கடும் வலி என்கிறார், டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதியிருப்பார். நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியது எத்தனை முறை, வலி ஊசி எத்தனை மணிக்கொரு தரம் போனது, டிஸ்சார்ஜ் அன்று காய்ச்சல் எவ்வளவு, ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா... ஒரு தாளில் மணி வாரியாக எழுதுங்கள். பித்தக் கசிவு மட்டும் இருக்கும்போது ஆரம்பத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) அவ்வளவாக ஏறாமலும் இருக்கலாம். ‘ரிப்போர்ட் நார்மல்தானே’ என்று எதிர்தரப்பு சொன்னால் திகைக்காதீர்கள்.

ஆபரேஷன் நோட்டில் பார்க்க வேண்டியதும் உண்டு. கிளிப் போட்டு வெட்டுவதற்கு முன், பித்தப்பை நாளத்துக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பையும் நாரையும் நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரல் படுக்கையிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் பித்தப்பை நாளமும் அதன் ரத்தக்குழாயும் ஆகிய இரண்டே இரண்டு அமைப்புகள்தான் நுழைகின்றன என்று உறுதிசெய்ய வேண்டும். 1990-களிலிருந்தே நிலைபெற்ற பாதுகாப்பு முறை இது. நோட்டில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, ரத்தக்கசிவோ ஒட்டுதலோ எழுதப்பட்டிருக்கிறதா, அப்படி இருந்தும் திறந்த அறுவைக்கு மாறுவதை ஏன் யோசிக்கவில்லை என்பவை கேள்விகள். எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துகிற மாதிரி நாலு வரி அச்சடித்த நோட் என்றால், அதுவும் ஒரு செய்திதான்.

ஒப்புதல் படிவத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆபத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டவர் அலட்சியத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்திடவில்லை. சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், எந்தச் சிகிச்சைக்கு ஒப்புதலோ அதற்கு மட்டும்தான் அது செல்லும், முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லியிருக்க வேண்டும் என்று தெளிவாக்கியது. படிவத்தில் பித்தநாளக் காயம் என்று எழுதியிருக்கிறதா, நோயாளிக்குத் தெரிந்த மொழியிலா, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று பாருங்கள். இருந்தாலும் உங்கள் வழக்கில் இது துணைவாதம்தான், இதையே முன்னிறுத்தாதீர்கள்.

நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று வி. கிஷன் ராவ் வழக்கில் (2010) தீர்ப்பு இருக்கிறது. வயிற்றில் கத்தரிக்கோலை விட்டுத் தைத்தால் அதற்கு நிபுணர் வேண்டாம். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல, இங்கே நிபுணர் இல்லாமல் போவது ஆயுதமில்லாமல் போவது. முதல் மருத்துவமனையோடு தொடர்பில்லாத, குடல்–கல்லீரல் அறுவைத் துறையில் பட்டம் பெற்ற ஒருவரிடம் ஆவணங்களைக் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். ‘இது அலட்சியமா?’ என்று கேட்டால் எந்த மருத்துவரும் பின்வாங்குவார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘அறுவைக்கு மறுநாள் இந்த அளவு நாடித்துடிப்பும் வயிற்று உப்புசமும் இருந்தால் என்ன பரிசோதனை செய்வது வழக்கம்? அன்றே கண்டுபிடித்திருந்தால் சிகிச்சை எப்படி வேறுபட்டிருக்கும்?’ இதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள். ஆணையமும் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றிடம் கருத்துக் கேட்கலாம். அப்போதும் இதே கேள்விகளை எழுத்தில் அனுப்பும்படி மனுப் போடுங்கள்; இல்லாவிட்டால் ‘தெரிந்த சிக்கல்’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இரண்டாவது மருத்துவமனையின் மருத்துவர்கள் சக மருத்துவருக்கு எதிராகப் பேச மாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அவர்களுடைய ஆபரேஷன் நோட், எம்ஆர்சிபி (பித்தநாளங்களின் எம்ஆர்ஐ ஸ்கேன்), இஆர்சிபி (வாய்வழிக் குழாய் மூலம் பித்தநாளத்தைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கைகள், எத்தனை மில்லி பித்தநீர் வடித்தார்கள் என்ற குறிப்பு ஆகியவையே பேசும்.

எங்கே தாக்கல் செய்வது? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தனியார் மருத்துவமனைச் சேவை இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவானது. பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று ஆகாது; அதே தீர்ப்பு அதையும் சொல்கிறது. 2019 சட்டத்தில் ஆணையத்தின் எல்லை நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து வருவதில்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்து வருகிறது. 2021 இறுதியில் வந்த விதிப்படி 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். உங்கள் பில் 1.4 லட்சம் என்பதால் 30 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பெரிய அனுகூலம் இன்னொன்று: மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இணையவழித் தாக்கலுக்கு இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. 1915 உதவி எண்ணில் நடைமுறை கேட்கலாம். மருத்துவ வழக்குக்கு அதைத் தாண்டிப் பயன் குறைவு.

மருத்துவமனையையும் அறுவை மருத்துவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ‘அவர் விசிட்டிங் டாக்டர், எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று மருத்துவமனை சொல்லும். சவிதா கார்க் வழக்கிலேயே (2004) அந்த வாதம் எடுபடவில்லை. மயக்க மருந்து நிபுணர், ஸ்கேன் எடுத்தவர், டூட்டி டாக்டர் என்று கோபத்தில் எல்லோரையும் இழுக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழக்கறிஞர், ஒரு பதிலுரை, சில வாய்தா.

மனுவில் நஷ்டத்தைக் கணக்காகக் காட்டுங்கள். பித்தப்பையை எப்படியும் எடுத்தாக வேண்டியிருந்தது, ஆகவே முதல் அறுவையின் செலவு நஷ்டத்தில் வராது என்று எதிர்தரப்பு சொல்லும், அதில் நியாயமும் உண்டு. காயத்தால் கூடுதலாக வந்தவைதான் உங்கள் தொகை: இரண்டாவது மருத்துவமனையின் பில்கள், மருந்து, பயணம், அவர் வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளச் சான்று, துணைக்கு இருந்த உங்கள் விடுப்பு, வலியும் மன உளைச்சலும். எதிர்காலச் செலவை விட்டுவிடாதீர்கள். குடலோடு இணைத்த இடம் ஆண்டுகள் கழித்துச் சுருங்கக்கூடும். தொடர் ரத்தப் பரிசோதனையும் சில நேரம் மறு சிகிச்சையும் தேவைப்படும். இதை இப்போதைய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் ஏதாவது திரும்பி வந்திருந்தால் மறைக்காமல் தனி வரியில் காட்டுங்கள். அடிப்படை இல்லாமல் ஒரு கோடி என்று போட்டால் மீதிக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

தாக்கலுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் ஒன்று அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதிலில் அவர்கள் எடுக்கும் நிலைப்பாடு பின்னால் மாற்றுவது அவர்களுக்குக் கடினமாகிவிடும். மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போனதும் எதிர்தரப்புக்குப் பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஆணையம் நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு உறுதிசெய்துவிட்டது. தேதியைக் கண்காணியுங்கள், 46-ஆம் நாள் வந்த பதிலுரையை ஆட்சேபியுங்கள். பிறகு நிரூபண வாக்குமூலம் (சாட்சியத்தை உறுதிமொழியோடு எழுத்தில் தருவது), ஆவணங்களுக்கு எண் இடுவது, எழுத்து மூல வாதம். 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மருத்துவ வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தீர்ப்புக்குப் பின் 45 நாளில் மேல்முறையீடு. அவர்கள் போவதானால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், சட்டம் அனுமதிக்கிறது. இந்த மாதிரி வழக்குக்கு அது புத்திசாலித்தனம் இல்லை. வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை; மனுதாரர் உங்கள் மனைவிதானே.

போலீஸ் பற்றி. ஜேக்கப் மாத்யூ தீர்ப்புப்படி குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். அதுவும் வேறொரு மருத்துவரின், கூடுமானால் அரசு மருத்துவரின் கருத்து வாங்கிய பிறகே போலீஸ் மேலே செல்ல வேண்டும். அந்தக் கருத்து உங்களுக்கு எதிராக வந்தால், நுகர்வோர் வழக்கிலும் அதைத் தூக்கிக் காட்டுவார்கள். ‘பணம் கொடு, இல்லையென்றால் போலீசுக்குப் போவேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் மிரட்டல் புகார் உங்கள்மேல் திரும்பும். உறவினர்களைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவே போகாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனை வன்முறைத் தடுப்புக்கென்றே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், மருத்துவரின் பெயரில்தான் கொடுக்க முடியும். அங்கே கிடைப்பது எச்சரிக்கையோ பதிவு நீக்கமோ. ஒரு ரூபாய் இழப்பீடும் வராது. நுகர்வோர் மனு தாக்கலான பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம்.

இதற்கிடையில் மருத்துவமனை தரப்பில் யாராவது ஒரு தொகையோடு வரக்கூடும். பேசுவதில் தவறில்லை. ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும், எதிர்காலச் சிகிச்சைச் செலவைக் கணக்கிடாமல் கையெழுத்திட வேண்டாம். பேச்சு எவ்வளவு இனிமையாக நடந்தாலும், 20-ஆவது மாதத்துக்குள் மனு ஆணையத்தில் பதிவாகி எண் பெற்றிருக்க வேண்டும்.